சட்டி வரிசையில் சரசம்மா

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் ஓசூரில் என் கை படாத தெரு கிடையாது. சித்தாளாக வந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, இன்று கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தலைவனாக இருக்கிறேன். மாதவன் மேஸ்திரி வீடு எது என்று கேட்டால் கன்னடக்காரரும் வழி சொல்வார். உழைத்து வந்த பெருமையை எதற்கு மறைக்க வேண்டும்? இங்கே நான் எழுத வந்தது சரசம்மாவைப் பற்றி. அவளைச் சங்கத்தில் சேர்த்தவனும் நான்தான்.

சரசம்மாவுக்கு ஊர் கல்லாவி. மழை பொய்த்துப் பொய்த்து, நிலத்தை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டுச் சித்தாள் வேலைக்கு வந்தவள். உடம்பு ஒல்லி, குரல் தடிமன். தெலுங்கில் சண்டை போடுவாள், கன்னடத்தில் சமாதானம் ஆவாள். வேலைக்கு நடுவே ஆள் சேர்ப்பதில் அவளை மிஞ்ச யாருமில்லை. என்னைத் தவிர.

போன கார்த்திகையில், டெல்லியில் பழைய தொழிலாளர் சட்டங்களையெல்லாம் சேர்த்து நாலு சட்டமாக ஆக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அன்றிலிருந்து சைட்டுக்கு சைட் ஒரே பேச்சு. சங்கம் வழியாக நாங்கள் பெயர் பதிகிற நல வாரியத்தை மூடப் போகிறார்களாம், சங்க அட்டை இனிமேல் வெறும் அட்டைதானாம். புதிதாகச் சேர இருந்தவர்களும் பின்வாங்கினார்கள்.

நான் சும்மா இருப்பேனா? காலையில் வேலைக்கு ஆள் நிற்கிற முக்கில் கொடி கட்டி, மைக் வைத்து, வாடகை நாற்காலிகள் போட்டேன். அப்படி ஒரு பேச்சு அந்த முக்கு கேட்டதில்லை. ஒருவரும் உட்காரவில்லை. கொத்துக்கரண்டியும் தூக்குவாளியுமாகச் சுவர் ஓரமாகவே நின்றார்கள்.

"ஏண்ணா, மேஸ்திரிங்க வண்டியில வந்து நிக்கிறவங்களத்தான கூப்புடுவாங்க?" என்றாள் சரசம்மா. "உக்காந்திருக்கிறவன இன்னைக்கி வேலைக்கி வரல போலன்னு விட்டுட்டுப் போயிருவாங்க. நீயும் இதே முக்குல நின்னவன்தான? நாற்காலியில உக்காந்து உக்காந்து மறந்துட்டியா?"

"போடி. யோசனை நல்ல யோசனைதான். நேரம் சரியில்ல" என்றேன்.

சரசம்மாவின் கவலை முழுவதும் ஜெயமணி மேல் இருந்தது. ஜெயமணி ஊத்தங்கரைப் பக்கத்துக்காரி. காங்கிரீட் போடும்போது சட்டி கைமாற்றுவதில் இவர்கள் இருவரும் ஜோடி. ஒருத்தி தருகிற வேகத்துக்கு அடுத்தவள் கை சேர வேண்டும், உயரமும் ஒத்து வர வேண்டும். இல்லையென்றால் சட்டி காலில் விழும். அதனால் எங்கள் சித்தாள்கள் ஜோடியை லேசில் மாற்ற மாட்டார்கள். இந்த ஜெயமணிக்குத் தை பிறந்தால் அறுபது. அதற்குப் பிறகு வாரியத்தில் பெயர் பதிய முடியாது. பெயர் இல்லாவிட்டால் பென்ஷன் கேட்கவும் வழியில்லை. பிள்ளை இல்லாத மனுஷி. முழங்கால் ஏற்கெனவே பேச்சுக் கேட்பதில்லை.

மார்கழியில், பம்பு வண்டி நுழையாத ஒரு சந்தில் மாடிக்குக் காங்கிரீட் போட்டோம். மிஷினில் கலவை சுழன்றது. கீழிருந்து மேல்வரை பெண்கள் வரிசை. சரசம்மா படியில் நின்று, ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு பேச்சாக மேலே அனுப்பினாள்.

"யக்கா, பேரு குடுத்துரு."

"மூடப்போற கடையில எனக்கு எதுக்குடி கணக்கு?" ஜெயமணி சட்டியை வாங்கினாள்.

"மூடுவாங்களா மாட்டாங்களான்னு எனக்கும் தெரியாதுக்கா. மூடுனா, எங்க பணம் எங்கடான்னு யாரு போய்க் கேக்கறது? பேரு இருக்கிறவதான கேக்க முடியும்?"

"பேரு குடுத்தா முனிவேலு நாளைக்கிக் கூப்புட மாட்டான். பென்ஷன் வர்றது அப்புறம். நாளைக்கிச் சோறு?"

முனிவேல் காண்டிராக்டரின் ஆள். நான் தொழில் கற்றுக்கொடுத்த பையன்தான், இப்போது கூலிங்கிளாஸ் போடுகிறான். கீழே இருந்து கத்தினான்: "சரசு! சங்கம் பேசறதா இருந்தா எறங்கிப் போ. ஏய், அந்த எடத்துல வேற ஆளு நில்லு!"

சரசம்மா சட்டியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவிவிட்டு இறங்கினாள். ஒரு வடக்கத்திப் பையன் அவள் இடத்தில் ஏறி நின்றான். நல்ல உயரம், நல்ல பலம். முதல் சட்டியை நீட்டினான். ஜெயமணி அதை வாங்கிப் படியில் வைத்துவிட்டாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"என்னா கெழவி, தூக்கு!"

"என் கைக்கி அவ கைதான் சேரும் முனிவேலு. இந்தப் பையன் குடுக்கிற வேகத்துக்கு என் கால் எலும்புதான் உடையும். உடைஞ்சா நீ சோறு போடுவியா?"

மேலே நின்ற பெண்கள் வெறுங்கையோடு எட்டிப் பார்த்தார்கள். மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. பாதி தளத்தில் கலவை காய்ந்துபோனால் ஒட்டு விழும், ஒட்டு விழுந்தால் மழைக்கு ஒழுகும். வீட்டுக்காரர் முனிவேலைப் பார்த்தார். முனிவேல் என்னைப் பார்த்தான். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன், அது போதும்.

"ஏறு, ஏறு. வாய மூடிக்கிட்டு வேல செய்" என்றான் முனிவேல் சரசம்மாவிடம்.

"வாய மூடிக்கிட்டா எனக்கு மூச்சு வராதுப்பா" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள் சரசம்மா. வரிசை மறுபடி ஓடியது. முதல் சட்டியை வாங்கும்போதே ஜெயமணி சொன்னாள்: "எழுதிக்கடி என் பேர. இதுக்கு மேல அவன் என்னா பண்ணிருவான்? நம்ம கை இல்லாம அவனுக்குத் தளம் ஏறாது."

அந்தப் பேச்சும் சட்டியோடு மேலே போயிற்று. தளம் போட்டு முடிவதற்குள் வரிசையில் பாதிப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஜெயமணிக்கு வேலைச் சான்றில் கையெழுத்துப் போட்டது நான்தான். தை பிறக்கும் முன்பே பதிவாகிவிட்டது. முனிவேல் அடுத்த தளத்துக்கும் அவர்களைத்தான் கூப்பிட்டான். வேறு ஜோடி கிடைக்க வேண்டுமே!

தளம் முடிந்தால் வீட்டுக்காரர் சாப்பாடு போடுவது வழக்கம். பெயர் கொடுத்த அன்று பிரியாணி. பெண்கள் ஈர மணலில் உட்காரப் போனார்கள். நான் ஆளனுப்பி, முக்கில் போட்ட அதே நாற்காலிகளை வரவழைத்தேன். ஜெயமணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.

"இப்பப் பாரு சரசு, என் யோசனை எப்பிடி?" என்றேன்.

"ஒக்காந்துட்டோம்ணா. சோத்தப் போடச் சொல்லு" என்றாள்.