நாலு புள்ளி, இரண்டு கோடு

விரிவுரையாளர் வெள்ளைப் பலகையில் நாலு புள்ளிகள் வைத்தார். மேலே இரண்டு, கீழே இரண்டு. மேலே இருந்த இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தார், கீழே இருந்த இரண்டையும் இன்னொரு கோட்டால். "இவ்வளவுதான் விடை" என்று சொல்லிப் பேனையை மூடினார். சோதினை முடிந்தபின் நடந்த முதல் வகுப்பு அது. பக்கத்தில் இருந்த என் சிநேகிதியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் குனிந்தபடி கொப்பித் தாளின் ஓரத்தை நகத்தால் மடித்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் இருவரும் யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு நிறுவனத்தில் கொம்பியூட்டர் டிப்ளோமா படித்தோம். நான் சண்டிலிப்பாயிலிருந்து பஸ்ஸில் வருவேன். அவள் குருநகர். புரோகிராம் எழுதக் கற்றுத் தருவார்கள் என்று வந்த எங்களுக்கு முதல் அரையாண்டிலேயே டிஸ்கிரீட் கணிதத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். கணங்கள், தர்க்கம், புள்ளிகளையும் கோடுகளையும் கொண்ட வரைபுகள். கொம்பியூட்டருக்கு இதுதான் அத்திவாரம், இதில் தவறினால் இரண்டாம் வருடத்துக்குப் போகமுடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். வகுப்பில் பாதிப்பேருக்கு அது வேப்பங்காய். எனக்கு அது பிடித்திருந்தது. கெட்டிக்காரி என்ற பெயரும் சீக்கிரம் வந்து ஒட்டிக்கொண்டது.

சோதினைக்கு முதல் வாரம் நூலகத்தில் இருந்து படித்தோம். பழைய வினாத்தாள் ஒன்றில் ஒரு கூற்று இருந்தது: ஒரு வரைபில் ஒவ்வொரு புள்ளியும் குறைந்தது இன்னொரு புள்ளியோடாவது இணைந்திருந்தால், எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தப் புள்ளிக்கும் போகலாம். சரியா, பிழையா? நான் சரி என்று நிறுவினேன். இணைந்த இரண்டு புள்ளியில் தொடங்கு. மூன்றாவது வந்தால் அது இருப்பதில் ஒன்றோடு இணையத்தானே வேண்டும்? நாலாவதும் அப்படித்தான். படிப்படியாக எத்தனை புள்ளிக்கும் போகலாம். தொகுத்தறி முறையில் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. எழுதிய அழகை நானே இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன்.

அவள் என் நிறுவலின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

"அங்கை இரண்டு பேர், இங்கை இரண்டு பேர் எண்டால்?" என்றாள். "எல்லாருக்கும் ஓராள் இருக்கு. ஆனா அங்கத்தை சேதி இங்கை வராதெல்லே?"

"உம்மடை கதையளை விட்டிட்டு நிறுவலைப் பாரும்" என்றேன். "எந்தப் படியிலை பிழை எண்டு காட்டும் பாப்பம்."

அவளால் காட்டமுடியவில்லை. "ஓம், நீர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி என் நிறுவலைத் தன் கொப்பியில் வரிவரியாக எழுதிக்கொண்டாள்.

அதே கேள்வி சோதினையிலும் வந்தது. இருவரும் அதையே எழுதினோம். எனக்கு மற்றக் கேள்விகள் கைகொடுத்தன. அவள் மிகச் சில மதிப்பெண்களால் தவறிப்போனாள். கூற்று பிழை; அந்த ஒரு கேள்விக்கு அவள் மனதில் இருந்ததை, விரிவுரையாளர் பிறகு பலகையில் போட்ட அதே நாலு புள்ளியையும் இரண்டு கோட்டையும், அப்படியே கீறியிருந்தால் போதும், தேறியிருப்பாள்.

அவளுடைய குடும்பம் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போய்ப் போரின் கடைசிவரை அங்கே இருந்த குடும்பம். முடிவில் தாயும் இவளும் ஒரு முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். தகப்பனும் அண்ணையும் வேறு பக்கத்தால் போனவர்கள், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. இதெல்லாம் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் முள்ளுக்கம்பிக்கு உள்ளே நின்று அவள் கண்ணால் பார்த்ததைத்தான் நூலகத்தில் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதைத்தான் நான் "கதையள்" என்றேன். நிறுவலில் நான் புதுப் புள்ளிகளை என் கூட்டத்தோடு மட்டும் சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். வேறோர் இடத்தில் இன்னொரு கூட்டம் தனித்து நிற்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு வருடம் பொறுத்துத் திரும்ப எழுதலாம் என்று நிறுவனத்தில் சொன்னார்கள். அவள் பொறுக்கவில்லை. தாய்க்கு முழங்கால் ஏலாமல் போயிருந்தது. பட்டணத்தில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாம் வருடம் பாடக்குறிப்புகளோடு நான் அந்தக் கடைக்குப் போனபோது அவள்தான் நின்றாள். ஒவ்வொரு தாளாகக் கண்ணாடியில் வைத்து எடுத்துக்கொண்டே, "இதிலையும் வரைபு வருதே?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலான நேரம் கையில் வைத்திருந்தாள். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல தருணம் எனக்குக் கிடைத்திருக்காது. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். அதன்பிறகு வேறு கடையில் பிரதி எடுத்தேன்.

நான் இப்போது மென்பொருள் எழுதுகிறேன். அந்தப் பாடத்தால் எனக்குச் சோறு கிடைக்கிறது. கூட வேலை செய்பவர்கள் ஏதாவது சந்தேகம் சொன்னால் உடனே மறுத்துப் பேசமாட்டேன். பொறுமைசாலி என்கிறார்கள். அதை எங்கே, எந்த விலைக்குப் பழகினேன் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

போன மாதம் அவளுடைய தாய் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டுக் குருநகருக்குப் போனேன். சவத்தைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோய், பூசை முடித்து அடக்கம் செய்துவிட்டுச் சனம் திரும்பிக்கொண்டிருந்தது. கறுப்புச் சட்டையோடு அவள் வீட்டுக் கேற்றடியில் தனியாக நின்றாள். இடமும் நேரமும் பார்க்காமல், இத்தனை வருடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அண்டைக்கு நீர் சொன்னதுதான் சரி. நான்தான் பிழை விட்டனான்."



"எனக்குத் தெரியும்" என்றாள். "சோதினை எழுதேக்கையே தெரியும். ஆனா நீர் பிழை விடமாட்டீர் எண்டு நினைச்சன்."

உள்ளே இருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் போனாள்.

செத்த வீட்டிலிருந்து புறப்படும்போது, போய்த் திரும்பி வருவேன் என்று பொருள்படும் "போட்டு வாறன்" சொல்லக்கூடாது. நான் பஸ்ஸுக்கு நடந்தேன். வேறொரு நாளாக இருந்து நான் அதைச் சொல்லியிருந்தால், "ஓம், வாரும்" என்று அவள் சொல்லியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது.