மன்னிப்புக் கோரியோர்

இங்கே சமூக விஞ்ஞானப் பிரிவின் தலைவர் தன் தேநீரைத் தானே ஊற்றிக் குடிக்கிறார். அதோடு விடாமல் எனக்கும் ஒரு கோப்பை ஊற்றித் தந்து, பால் போதுமா என்று கேட்கிறார். மூன்று தடித்த புத்தகங்கள் எழுதிய பேராசிரியர். ஆனால் நேற்றுச் சேர்ந்த மாணவன்கூட அவரை டேவிட் என்றுதான் கூப்பிடுகிறான். என் நாக்கு அதற்கு வளையவே இல்லை. நான் "சேர்" என்றால், தனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் வந்து நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்க்கிறார். இங்கிலாந்தின் வடக்கே, வருடத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஓர் ஊரில், அவருடைய அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்கிறேன். மாதம் ஒருமுறை பிரிவின் கூட்டம் நடக்கும்போது மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்து, மறுநாள் கூட்டறிக்கையாக அடித்துக் கொடுப்பதும் என் வேலைதான்.

வேலைக்கு வந்த முதல் நாள், கூட்டறிக்கை என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்டார். ஊரில் பீடச் சபையில் இருந்தேன் என்றேன். "நல்லது, அங்கேயும் நீங்கள்தான் தட்டச்சா?" என்றார். நான் எங்கள் வழக்கப்படி தலையை ஒரு ஆட்டு ஆட்டினேன். அவர் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டார். அங்கே நான் சமூகவியல் விரிவுரையாளர், கூட்டத்தில் எனக்கென்று ஒரு கதிரை இருந்தது என்று சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது? அரைக்கிணறு தாண்டினவளுக்குப் பழைய பெருமை எதற்கு?

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கிய புதிதில் எங்கள் பீடம் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் இயங்கியது. பீடாதிபதி இளையதம்பி சேர் பொருளியல் பேராசிரியர். கோப்பாயிலிருந்து காற்சட்டைக் காலைக் கிளிப் போட்டு இறுக்கிக்கொண்டு சைக்கிளில் வருவார். மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை பிற்பகல் பீடச் சபை கூடும். சேர் உட்கார்ந்ததும் கேட்கும் முதற் கேள்வி, இன்றைக்கு வராதவர்கள் யார், மன்னிப்புக் கோரியிருக்கிறார்களா என்பதுதான். மூன்று கூட்டத்துக்கு மன்னிப்புக் கோராமல் வராது விட்டால் சபையில் இடம் போய்விடும் என்று எங்கள் பீடத்தில் ஒரு விதி இருந்தது. ஒருநாள் யாரோ பொறுமையிழந்து, வந்தவர்களை வைத்துத் தொடங்கலாமே என்றார்.

"வராதவையைத்தான் முதல் கேக்கவேணும். வந்தவை எப்பிடியும் கதைப்பினம்" என்றார் சேர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் குருநகர்ப் பெட்டை. அப்பு கடலுக்குப் போனவர், அம்மா மீன் கருவாடாக்கி விற்றவர். விரிவுரையாளர் நேர்முகத்துக்குப் போனபோது, மேசையின் ஓரத்தில் இருந்த ஒரு பெரியவர் என் சான்றிதழ்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "பிள்ளை எவடம்? எந்தக் கோயிலடி?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்வி சாதியைத்தான் கேட்கிறது என்று இதை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. நான் வேதக்காரி, கிறிஸ்தவப் பெண், என்பது பிலோமினா என்ற பெயரிலேயே இருந்தது. அவருக்கு வேண்டியது அதுவல்ல. நான் வாயைத் திறக்குமுன் இளையதம்பி சேர் சொன்னார்: "உவ படிப்பிக்க வந்தவ. பூசைக்கு வரேல்லை."

அந்த ஒரு வசனத்துக்குள் என் வாழ்க்கை ஏறி உட்கார்ந்துகொண்டது. சமூகவியலில் சிறப்புப் பட்டம் தொடங்கினோம். அதற்கு நிரந்தர விரிவுரையாளர் மூவர் வேண்டும். நான் மூன்றாவது ஆள். கலாநிதிப் பட்டத்துக்காக மூன்று வருட லீவில் இங்கே புறப்பட்டபோது சேர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். "பிள்ளை, நீர் போய் முடிச்சுக்கொண்டு வாரும். உம்மடை கதிரை இருக்கும். நான் பாக்கிறன்" என்றார்.

முடிக்கவில்லை. எங்கள் கரையின் மீனவக் குடும்பங்களைப் பற்றி எழுதினேன். வாசித்த மேற்பார்வையாளர், இது ஆய்வு அல்ல, குடும்பக் கதை என்றார். இரண்டாம் முறை எழுதினேன். அதையும் திருப்பித் தந்தார்கள். மூன்றாம் முறை எழுத எனக்குக் கையும் வரவில்லை, மனமும் வரவில்லை. பட்டமில்லாமல் திரும்பிப் போனால் அந்த மேசையோரப் பெரியவர் என்ன சொல்வார் என்று எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும். ஊரிலிருந்து வந்த செய்திகளும் பயமாகத்தான் இருந்தன. ஆனால் நாட்டுப் பிரச்சினையால்தான் திரும்பவில்லை என்று நான் பிறகு பலரிடம் சொன்னது பாதிப் பொய். வெட்கத்தால் திரும்பவில்லை. லீவு முடிந்தது. சேரின் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதை நிறுத்தினேன்.

கூட்டறிக்கைகள் மட்டும் நிற்கவில்லை. பீட அலுவலகத்தின் எழுதுவினைஞர் மரியநாயகம் அண்ணை, அவரும் எங்கள் குருநகர்தான், மாதாமாதம் நீல உறையில் போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்தத் தட்டச்சு முகவரியைக் கண்டதும் பிரிக்காமலே ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு மூடிவிடுவேன். ஒன்றரை வருடத்தில் ரின் நிறைந்தது. என்னைச் சபையிலிருந்து நீக்கிய செய்தி அதில் ஏதோ ஒன்றுக்குள் இருக்கும், அதைப் பார்க்காத வரைக்கும் நான் இன்னும் விரிவுரையாளர்தான் என்று நினைத்துக்கொள்வேன். புலம்பெயர்ந்தவர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ரின் இருக்கும். இல்லையென்று சொல்லாதீர்கள்.

போன பங்குனியில் வந்த உறையில் முகவரி கையால் எழுதியிருந்தது. அதனால் பிரித்தேன். மரியநாயகம் அண்ணை எழுதியிருந்தார்.

"தங்கச்சி பிலோமினா, சேருக்குக் கரைச்சல். நீர் லீவு முடிஞ்சும் வராமல் விட்ட நாள் துவக்கம், ஒவ்வொரு கூட்டத்திலையும் நீர் மன்னிப்புக் கேட்டதெண்டு சேர் சொல்லித்தான் நான் அடிச்சனான். இப்ப ஒரு ஆள் எழும்பி அந்தக் கடிதங்களைக் காட்டச் சொல்லிப்போட்டார். ஒரு கடிதமும் இல்லையெண்டு எனக்குத் தெரியும். வாற கூட்டத்துக்கு முதல் ஏதாவது செய்யும்."

ரின்னைக் கவிழ்த்தேன். ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சமுகமளித்தோர் பட்டியலுக்குக் கீழே, மன்னிப்புக் கோரியோர் என்ற தலைப்பில், எல்லாவற்றிலும் அதே இடத்தில், செல்வி ம. பிலோமினா. தேர்வு முறை பற்றிப் பேசிய கூட்டத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டிருந்தேன். புதிய கட்டடம் பற்றிப் பேசிய கூட்டத்துக்கும் கேட்டிருந்தேன். ஒரு வரி எழுத வக்கில்லாத எனக்காக ஒரு மனிதர் பதினெட்டு மாதம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நான் நிலத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன்.

கடிதம் போய்ச் சேர இரண்டு கிழமை ஆகும். கூட்டத்துக்கு இருந்தது எட்டு நாள். திரும்பி வருகிறேன் என்று எழுதத் துணிவில்லை. விலகுகிறேன் என்றால் சிறப்புப் பட்டம் போய்விடும். எனக்குத் தெரியாமல் அவரே எழுதினார் என்ற உண்மையைச் சொன்னால் அவரை நானே கொண்டுபோய்க் கழுவில் ஏற்றியதாகிவிடும். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? தபாற் கந்தோரில் தந்திப் படிவத்தை நிரப்பினேன்: எல்லாக் கூட்டங்களுக்கும் நான் மன்னிப்புக் கோரியதை உறுதிப்படுத்துகிறேன். பிலோமினா.

படிவத்தை வாங்கிய பெண் என் முகத்தைப் பார்த்தாள். எழுத்தைவிடக் கண்ணீரைத்தான் அவள் வாசித்தாள். "யார் தவறிவிட்டார்கள்?" என்று மெதுவாகக் கேட்டாள். ஒருவரும் இல்லை, இது வேலை விஷயம் என்றேன். அவள் நம்பவில்லை. கையை நீட்டி என் கையைத் தொட்டு, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்றாள். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணையின் அடுத்த கடிதம் மூன்று கிழமை கழித்து வந்தது. தந்தி கூட்டத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. சேர் வாசித்தார், நாலாக மடித்தார், சட்டைப் பைக்குள் வைத்தார். சபைக்குக் காட்டவே இல்லை. கடிதங்கள் எங்கே என்று கேட்டபோது எழுந்து நின்று சொன்னாராம்: "கடிதம் ஒண்டும் வரேல்லை. நான்தான் எழுதுவிச்சது. அவவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை." பீடாதிபதிப் பதவியிலிருந்து விலகுவதாக அங்கேயே சொல்லிவிட்டார். பிறகு அண்ணை, ஏன் சேர் தந்தியைக் காட்டேல்லை என்று வாசலில் வைத்துக் கேட்டிருக்கிறார்.

"அந்தப் பிள்ளையையும் பொய் சொல்ல வைக்கவோ? நான் ஒருத்தன் சொன்னது காணும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாராம்.

சமூகவியல் சிறப்புப் பட்டத்துக்கு அடுத்த வருடம் ஆள் எடுப்பதில்லை என்று தீர்மானம். விண்ணப்பித்திருந்த எட்டுப் பேரைப் புவியியலுக்கு மாற்றிவிட்டார்கள். அதில் ஒரு பெட்டை குருநகராம். அதை ஏன் அண்ணை எழுதினாரோ தெரியாது. கோபத்தில் எழுதியிருப்பார். எழுதவேண்டியதுதான்.

கடிதத்தோடு கூட்டறிக்கையும் இருந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை. அதற்கடுத்த மாதமும் பழக்கத்தில் ஒன்று அனுப்பியிருந்தார். அதில் மன்னிப்புக் கோரியோர் என்பதன் கீழே ஒரேயொரு பெயர், பேராசிரியர் இளையதம்பி. அவர் கூட்டங்களுக்கு வருவதில்லை, கோப்பாயில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறார் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. சேருக்கு நான் இன்னும் எழுதவில்லை. தொடங்கிய கடிதங்கள் இருக்கின்றன. அவை இப்போது அந்த ரின்னுக்குள் கிடக்கின்றன.

இங்கேயும் கூட்டறிக்கை அதே ஒழுங்குதான். வெள்ளைக்காரன் விட்டுவந்ததைத்தானே நாங்களும் வைத்திருந்தோம். முதலில் சமுகமளித்தோர், அதன் கீழே மன்னிப்புக் கோரியோர். தட்டச்சு செய்கிறவரின் பெயரை இங்கே எதிலும் போடுவதில்லை. நான் நாள் முழுக்க அந்த அறையில்தான் இருக்கிறேன், பட்டியலில் இல்லை. நான் இல்லாத ஊரிலோ என் பெயர் மாதாமாதம் இருந்தது.

நேற்று இந்த மாதத்து அறிக்கையை டேவிட்டிடம் கொடுத்தேன். அவர் தாளை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மன்னிப்புக் கோரியோர் பட்டியலின் கடைசியில் ஒரு வரி நீளத்துக்கு, பிழையை மறைக்கும் வெள்ளைப் பூச்சு காய்ந்து தடித்திருந்தது.

"இங்கே ஏதும் பிழையா?" என்றார்.

"ஓம் சேர், என்ரை பிழை" என்றேன். தமிழில் சொன்னதை நான் கவனிக்கவில்லை. அவர் ஒன்றும் விளங்காமல் சிரித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். அந்தப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தால் என் பெயர் இருக்கும். ஒவ்வொரு மாதமும் அடிக்கிறேன், ஒவ்வொரு மாதமும் அழிக்கிறேன்.