ஜெஸீம் இறக்கிய கானாக்காரன்

சாய்ந்தமருதில் போன் உடைந்தால் ஜெஸீமிடம் போவார்கள். உதைபந்தாட்டத்தில் தோற்றால் ஜெஸீமைத் தேடிப் போய் ஏசுவார்கள். போன் திருத்தும் கடையும் அவருடையது, ஊர்க் கழகத்தின் செயலாளர் பதவியும் அவருடையது. மூன்று வருடமாக இறுதிப் போட்டியில் தோற்றுத் தெருவில் தலைகாட்ட முடியாமல் திரிந்த மனுசன், இந்த வருடம் ஒரு கை பார்த்துவிடுவது என்று கானா நாட்டிலிருந்து ஆளையே இறக்கிவிட்டார்.

ஆளின் பெயர் யாக்கூபு. இருபத்திரண்டு வயது, ஓடினால் கண்ணுக்கு அகப்படமாட்டான். கொழும்பில் பெரிய கழகமொன்று சம்பளத்துக்கு எடுக்கப்போகிறது என்று சொல்லித்தான் ஏஜெண்ட் அவனைச் சுற்றுலா விசாவில் ஏற்றி அனுப்பியிருந்தான். அது சுத்தப் பொய் என்று ஜெஸீமுக்குத் தெரியும். 'நானா சொன்னேன், ஏஜெண்ட்தானே சொன்னான்' என்று மனதைத் தேற்றிக்கொண்டார். பத்திரமாக இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டை வாங்கிக் கடை மேசை லாச்சியில் பூட்டினார். சுற்றுலா வந்தவன் போட்டியில் ஆடக் கூடாதே! பதிவுத் தாளில் அவனைப் பல்கலைக்கழக மாணவன் ஆக்கினார்.

ஊர் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. கலியாண வீட்டுச் சஹனில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும்போது, நல்ல இறைச்சித் துண்டெல்லாம் அவன் பக்கமே தள்ளப்பட்டது. ஒருநாள் மூன்று வீட்டுப் புரியாணியை மறுக்கத் தெரியாமல் தின்றுவிட்டு வந்து, மைதானத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். ஆனாலும் அரையிறுதியில் மூன்று கோல்! அன்று ஜெஸீமின் கால் தரையில் படவில்லை.

இறுதிப் போட்டி ஞாயிறு. யாக்கூபின் விசாவோ சனியோடு முடிகிறது. திரும்பிப் போகும் விமானமும் அன்றுதான். வியாழக்கிழமை அவன் கடைக்கு வந்து நின்றான். ஜெஸீம் சவூதியில் ஏழு வருடம் சாரதியாக இருந்தவர், அவன் மதறஸாவில் ஓதியவன். இருவரும் உடைந்த அறபில்தான் கதைப்பார்கள்; அண்ணனைக் கூப்பிடும் 'காக்கா' மட்டும் அவன் ஊரில் பழகிய தமிழ்.

"பாஸ்போர்ட்டத் தாங்க காக்கா. நாள் தாண்டினா என்னப் பிடிப்பாங்க. பொறகு எந்த நாட்டுக்கும் விளையாடப் போகேலா."

"பஃதேன், பஃதேன்," என்றார் ஜெஸீம். பிறகு, பிறகு என்று அர்த்தம். "மெச் முடியட்டும். ஒனக்கு இஞ்ச என்ன கொறை? விருந்தாளி மாதிரித்தானே வெச்சிரிக்கம்?"

"விருந்தாளி எண்டா நெனச்ச நேரம் போகலாம்தானே காக்கா?"

ஜெஸீமுக்குச் சுருக்கென்றது. தேநீர் கொண்டுவந்த மனைவி ஸுஹைறாவுக்கு அறபு தெரியாது. ஆனால் 'பஃதேன்' என்ற அந்த ஒரு சொல்லை அவள் மறக்கவில்லை.

"ஒங்கட வாப்பா மௌத்தான நேரம் நீங்க பாஸ்போர்ட்டக் கேட்டு அழக்குள்ள, ஒங்கட சவூதி மொதலாளியும் இதத்தானே சொன்ன?"

ஓம், இதைத்தான் சொன்னான். பத்து நாள் சொன்னான். வாப்பாவை அடக்கிய செய்தியை ஜெஸீம் லொறிக்குள் இருந்துதான் போனில் கேட்டார். அந்த மனுசனை இன்றுவரை மன்னிக்காதவர், இப்போது அவனுடைய கதிரையில் தானே குந்தியிருக்கிறார். வெட்கத்தில் முகம் எரிந்தது. லாச்சியைத் திறந்து பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். கொழும்புக் கழகம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதையும் சொன்னார். யாக்கூபு பாஸ்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் வைத்து, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள் ஜும்மா முடிந்து கல்முனை பஸ் நிலையத்தில், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவன் கேட்டான்: "போகலாமா காக்கா?"

"அத எங்கிட்டக் கேக்காத மனே," என்றார் ஜெஸீம்.

ஞாயிற்றுக்கிழமை நாலுக்குப் பூச்சியம் என்று ஊர்க் கழகம் தோற்றது. மைதானத்தின் நடுவில், ஊரே பார்த்திருக்க, கழகத் தலைவர் ஜவுபர் பாய்ந்து வந்தார்.

"ஆள எங்கடா ஒளிச்சு வெச்சிரிக்காய்?"

"மூணு கெழமையா ஒளிச்சுத்தான் வெச்சிருந்த காக்கா," என்றார் ஜெஸீம். "இப்ப ஊட்ட போயிட்டான்."