கிளிகளுக்கு அடித்த டிரம்

சொந்த நிலத்தில் நாங்கள் முதல்முதலாக நெல் போட்ட வருஷம், எங்கள் தீவில் பெரார்கஞ்ச் வட்டாரத்துக் கிளிகளுக்கெல்லாம் பந்தி வைத்துச் சோறு போட்ட புண்ணியம் என்னைச் சேர்ந்தது. கிளி விரட்டத்தான் என்னை வயலுக்கு அனுப்பினார்கள். நானும் விரட்டத்தான் போனேன். கையில் டிரம் குச்சி இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. நான் அப்போது பத்து வயதுப் பெண். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, காட்டிலாகாவில் மரம் வெட்டுகிற வேலையில் சேர்ந்து, காட்டை ஒட்டி ஒரு துண்டு நிலமும் பெற்றிருந்தார். வேர்களைத் தோண்டி, அடிக்கட்டைகளை எரித்து அதை வயலாக்குவதற்குள் அவர் உள்ளங்கை மரப்பட்டை மாதிரி ஆகிவிட்டது. இனி ரேஷன் அரிசிக்குக் காத்திருக்க வேண்டாம், கப்பல் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வார். நெல் பால் பிடித்தது. கிளிகளும் வந்து சேர்ந்தன.

அங்கே கிளி என்றால் கூண்டுக்குள்ளிருந்து சீட்டு எடுத்துக் கொடுக்கிற சாது அல்ல. கூட்டமாக இறங்கும். ஒரு கதிரைத் தின்றால் மூன்று கதிரைக் கடித்துக் கீழே போடும். விடியற்காலையிலும் சாயங்காலத்திலும்தான் வரும். நடு வெயிலில் காட்டுக்குள் போய்விடும். விடியற்காலைக் காவல் அப்பாவுக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து இருட்டும் வரைக்கும் எனக்கு. எங்கள் தீவில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் அதொன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை.

வயல் நடுவில் மூங்கிலால் கட்டிய ஒரு பரண். பரணில் ஒரு மண்ணெண்ணெய் டின். வயலுக்கு ஒரு பக்கம் காடு, இன்னொரு பக்கம் நாலா. ஓடையை அங்கே எல்லா பாஷைக்காரர்களும் நாலா என்றுதான் சொல்வோம். அந்த வருஷத்து மழையில் எங்கள் கன்றுக்குட்டியை அது இழுத்துக்கொண்டு போயிருந்தது. வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம், மூங்கில் புதருக்குப் பின்னால். பரணிலிருந்து பார்த்தால் கூரைகூடத் தெரியாது. தம்பி பிறந்து சில வாரங்களே ஆகியிருந்ததால் அம்மா வீட்டோடு இருந்தாள். டின்னை விடாமல் அடி, நிறுத்தாதே என்பதுதான் அவள் தினமும் எனக்குச் சொல்லி அனுப்புகிற ஒரே புத்திமதி. நெல்லின் மேல் அம்மாவுக்கு இவ்வளவு அக்கறையா என்று நினைத்துக்கொள்வேன்.

டிரம் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்து பேண்டில் சைடு டிரம் அடித்த பையன், அவன் அப்பாவுக்கு மாற்றல் வந்து மெயின்லேண்டுக்குக் கப்பலேறிவிட்டான். குடியரசு தின அணிவகுப்புக்கு வேறு ஆள் வேண்டும். பட்டாளத்திலிருந்து வந்த பி.டி. மாஸ்டர் வகுப்பு வகுப்பாக நுழைந்து எல்லோரையும் மேஜையில் விரலால் தட்டச் சொன்னார். என் தட்டு அவருக்குப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என் கால் தரையில் படவில்லை.

அப்புறம்தான் சோதனை. தனியாக அடித்தால் வருகிறது. நாலு பேர் பார்த்தால் இடது கை செத்துப்போகிறது. சைடு டிரம்மில் அரிச்சுவடியே இதுதான்: வலது கையால் இரண்டு தட்டு, இடது கையால் இரண்டு தட்டு. மெதுவாக ஆரம்பித்து வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் தனித்தனித் தட்டுகள் மறைந்து ஒரே உருட்டாகிவிடும். எனக்கு இடது கையின் இரண்டாவது தட்டு மட்டும் விழவே விழாது. அது விழாத இடத்தில் பின்னால் வருகிறவர்களுக்குக் கால் மாறிவிடும். ஒருவர் குதிகாலை ஒருவர் மிதிப்பார்கள். மாஸ்டர் விசில் ஊதி எல்லோரையும் நிறுத்துவார்.

"க்யா ஹுவா? பாயா ஹாத் ஸோ கயா க்யா?"

இடது கை தூங்கிப்போயிற்றா என்று கேட்கிறார். மைதானமே சிரிக்கும். எனக்கு அழுகை வரும். அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்கள்.

கடைசியில் அவர் குச்சிகளை மட்டும் என்னிடம் கொடுத்து, வீட்டில் பழகிக்கொண்டு வரச் சொன்னார். டிரம் பள்ளிக்கூட அலமாரியை விட்டு வெளியே வராது. குச்சி தொலைந்தால் கப்பலில் வேறு குச்சி வருகிற வரைக்கும் பேண்டே கிடையாது என்று மிரட்டினார். அரைப் பரீட்சை முடிந்ததும் அடித்துக் காட்ட வேண்டும், வரவில்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். அந்த வேறு ஆள் யாரென்று எனக்குத் தெரியும். முன் பெஞ்சில் உட்கார்ந்து, என்னைத் திரும்பிப் பார்த்து மேஜையில் உருட்டிக் காட்டுகிற ஒருத்தி. அவளுக்கு இரண்டு கையும் விழித்துக்கொண்டுதான் இருந்தன.

ஆக, கிளி விரட்டும் டின்தான் எனக்கு டிரம் ஆயிற்று. பரணில் உட்கார்ந்து முதலில் இடது கைக்கு மட்டும் வேலை கொடுத்தேன். இரண்டு தட்டு, ஒரு மூச்சு, இரண்டு தட்டு. வீட்டிலும் தண்ணீர்க் குடத்தை இடது கையால்தான் தூக்குவேன், வாசலை இடது கையால்தான் பெருக்குவேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். தட்டு இடறி இடறி விழுந்த அந்த நாட்களில் கிளிகள் அலறியடித்துக்கொண்டு பறந்தன. கதிர் ஒன்றுகூடப் போகவில்லை. அப்பாவுக்கு என் மேல் ஏக சந்தோஷம்.

பிறகு கை திருந்தியது. ஒரு சாயங்காலம் இடது கையின் இரண்டாவது தட்டு தானாக வந்து விழுந்தது. அப்புறம் விழுந்துகொண்டே இருந்தது. டின் முழுக்க ஒரே உருட்டு, எங்கேயும் ஓட்டை இல்லை. எனக்கே நம்ப முடியவில்லை.

கிளிகள் உட்கார ஆரம்பித்ததும் அப்போதுதான். முதலில் வரப்போரத்தில், பிறகு பரணைச் சுற்றி. தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கும். கழுத்தைத் தூக்கி இறக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாசிப்பைக் கேட்கத்தான் வந்திருக்கின்றன என்று நம்பினேன். அத்தனை கண்கள் பார்க்க என் இடது கை சாகாமல் அடித்தது அதுதான் முதல் தடவை. கிளி பார்த்துக் கை நிற்கவில்லை என்றால் பிள்ளைகள் பார்த்து மட்டும் ஏன் நிற்க வேண்டும்? இருட்டுகிற நேரத்தில் வாசிப்பை முடித்து, குச்சிகளைக் கக்கத்தில் செருகி, கிளிகளுக்கு ஒரு சல்யூட் வைப்பேன். அவை வாய் நிறைய நெல்லோடு அதை ஏற்றுக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா வயலுக்குள் இறங்கிப் பார்த்தார். நெல் இருந்தால் கதிர் தலை சாய்ந்திருக்கும். பரணைச் சுற்றிலும் கதிரெல்லாம் விறைத்துக்கொண்டு நின்றன.

"தூங்கிட்டியாட்டி?"

இல்லை, அடித்துக்கொண்டுதான் இருந்தேன் என்றேன். அப்பா நம்பவில்லை. பக்கத்து வயல் பெங்காலிக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி எனக்காகச் சாட்சி சொன்னார். "ரோஜ் பஜாத்தா ஹை, பாய். தோத்தா லோக் பைட்கே சுன்தா ஹை." தினமும் அடிக்கிறாள், கிளிகள் உட்கார்ந்து கேட்கின்றன என்று அர்த்தம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெருமையை அப்படியே விழுங்கிவிட்டேன்.

அப்பா குச்சிகளை வாங்கி டின்னை அடித்தார். தாளம் என்பது அவருக்கு ஏழு ஜென்மத்துக்கும் கிடையாது. பஜனையில் அவர் கை தட்டினால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவார்கள். ஒன்று அடித்தார், நின்றார், மூன்று அடித்தார், டின் ஓரத்தில் ஒன்று போட்டார். கிளிகள் ஒன்று பாக்கியில்லாமல் எழுந்து காட்டுக்குள் ஓடின. ஒழுங்காக விழும் சத்தம் அவற்றுக்குப் பழகிப்போயிருந்தது. எப்போது விழும் என்று தெரியாத சத்தத்துக்குத்தான் பயம்.

சாப்பிடும்போது தீர்ப்பு வந்தது. குச்சி நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டும்; இனிமேல் இவள் வாயால் கத்தி விரட்டட்டும். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. குச்சி போனால் டிரம்மும் போயிற்று, முன் பெஞ்சுக்காரி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் முன்னால் நடப்பாள். அப்போது, அப்பா பேச்சுக்கு மறுபேச்சே பேசாத அம்மா, தம்பிக்குப் பால் கொடுத்தபடி தலை நிமிராமல் சொன்னாள்:

"நெல்லு போனா போவுது. அவ டின்னையே அடிக்கட்டும். கத்துனா இங்க வரைக்கும் கேக்காது."

அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு, குச்சிகளை என் பக்கம் தள்ளினார். அடி, ஆனால் ஒரு கிளி உட்காரக் கூடாது என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என் வாசிப்பைக் கேட்காமல் அம்மாவால் இருக்க முடியவில்லை என்று நினைத்துப் பூரித்துப்போனேன். வீட்டிலேயே ஒரு ரசிகை இருப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

தாளமும் கெடக் கூடாது, கிளியும் உட்காரக் கூடாது. யோசித்து ஒரு வழி பிடித்தேன். அழகாக உருட்டிக்கொண்டே போவேன். கிளிகள் நம்பி இறங்கும். சட்டென்று நிறுத்துவேன். அவை தலையைத் தூக்கும்போது எதிர்பாராத இடத்தில் ஓங்கி ஒன்று போட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி உருட்டுவேன். கிளிகள் பறந்துவிடும். ஆரம்பத்தில் விட்ட இடம் பிடிபடவில்லை. வேண்டுமென்றே தப்பு செய்துவிட்டுத் திரும்பி வருவது, சரியாக அடிப்பதைவிடக் கஷ்டம்.

இந்தப் புது வித்தை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் கிளிகளை நன்றாக ஏமாற்ற வேண்டுமென்று நீண்ட நேரம் நிறுத்தி வைத்திருந்தேன். மேட்டுப் பக்கமிருந்து அம்மா ஓடிவந்தாள். இடுப்பில் தம்பி, பாதிக் குளியலில் தலையெல்லாம் சோப்பு நுரையோடு அலறிக்கொண்டிருந்தான். அம்மா பரணை அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னம்மா என்றேன்.

"ஒண்ணுமில்ல. தண்ணி வேணுமாட்டி?"

அவள் கையில் தண்ணீர் இல்லை. பிள்ளை பெற்ற உடம்புக்கு இப்படியெல்லாம் ஆகும்போலிருக்கிறது என்று நினைத்தேன். ராத்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நிறுத்தினால் உடனே ஆரம்பித்துவிடு, ஒரு மூச்சுக்கு மேல் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவளுக்குத் தாளம் அறுந்தால் பொறுக்காது, அப்பாவைப் போல் இல்லை என்று அதற்கும் ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அதிலிருந்து ஒரு மூச்சுக்குள் நின்று, ஒரு மூச்சுக்குள் திரும்பப் பழகினேன். அப்படியும் சில நாள் மூங்கில் புதருக்குப் பக்கத்தில் அம்மா புடவை தெரியும். நான் கையாட்டுவதற்குள் போய்விடும்.

பரீட்சை முடிந்து மாஸ்டர் அடிக்கச் சொன்னபோது மைதானத்துப் பிள்ளைகளையெல்லாம் கிளிகளாக நினைத்துக்கொண்டேன். இடது கை தூங்கவில்லை. மாஸ்டர் டிரம்மின் பட்டையை என் உயரத்துக்குச் சுருக்கிக் கட்டினார். அறுவடையும் முடிந்தது. பரணைச் சுற்றியிருந்த கொஞ்சத்தைத் தவிர நெல் வீடு வந்து சேர்ந்தது. அப்பா முதல் சோற்றை ஒரு உருண்டை உருட்டி, இது கிளிகள் மீதம் வைத்ததம்மா என்று சொல்லிக்கொண்டே என் வாயில் ஊட்டினார்.

குடியரசு தினத்தன்று மைதானம் நிறைய ஜனம். பெண்கள் ஒரு பக்கமாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்; அம்மாவும் தம்பியோடு இருந்தாள். கொடிக்கு முன்னால் திரும்புகிற இடத்தில் பட்டை நழுவி டிரம் சரிந்தது. குச்சி வளையத்தில் பட்டு எகிறியது. சத்தம் அறுந்துபோயிற்று. பின்னால் அத்தனை கால்கள். ஆனால் கை பயப்படவில்லை. அதற்கு இது தெரிந்த இடம். ஒரு மூச்சுக்குள் ஓங்கி ஒன்று போட்டு, விட்ட இடத்தைப் பிடித்து உருட்ட ஆரம்பித்தது. ஒரு கால்கூட மாறவில்லை. அப்பாடா என்று நான் விட்ட மூச்சு முன் வரிசைக்கே கேட்டிருக்கும். நிறுத்தி அடித்தது அழகாக இருந்தது, யார் சொல்லிக்கொடுத்தது என்று மாஸ்டர் பிறகு கேட்டார். கிளி என்றேன். அவர் அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

சத்தம் அறுந்த அந்த நொடியில் நான் இன்னொன்றும் பார்த்தேன். உட்கார்ந்திருந்த பெண்கள் நடுவில் அம்மா மட்டும் தம்பியை அள்ளிக்கொண்டு எழுந்து நின்றாள். உருட்டு திரும்பி வந்ததும் மெதுவாக உட்கார்ந்தாள். என்னை நன்றாகப் பார்க்க வேண்டுமென்று எழுந்திருக்கிறாள் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோயிற்று. ரொம்ப காலம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பல வருஷம் கழித்து, என் மகள் நடை பழகியபோது காலில் கொலுசு போட்டிருந்தேன். அம்மா எங்களோடு வந்து தங்கியிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். கொலுசுச் சத்தம் நின்றது. கரண்டியோடு வாசலுக்கு ஓடினேன். பிள்ளை உட்கார்ந்து எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தால் அம்மா சிரிக்கிறாள்.

"எனக்கு டின்னு, ஒனக்குக் கொலுசு" என்றாள். "நீ நிறுத்துனா நாலாவுலதான் விழுந்துட்டேன்னு எனக்கு ஈரக்குலையே நடுங்கும். கிளி எக்கேடு கெட்டா எனக்கென்ன?"

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். சோப்பு நுரையோடு அலறிய தம்பியும், தண்ணீர் இல்லாமல் தண்ணீர் வேணுமா என்று கேட்டதும் ஞாபகம் வந்தன. மைதானத்தில் அம்மா எழுந்து நின்றதும் ஞாபகம் வந்தது. அந்த மைதானத்துக்குப் பக்கத்தில் நாலா எதுவும் கிடையாது. சத்தம் நின்றபோது அம்மாவுக்கு அது நினைவில் இருந்திருக்காது.