பேர் தெரியாத அம்மாள்

இத்தாலியில், பலெர்மோ நகரின் பெல்லெகிரினோ மலைக் குகையில் இருக்கும் புனிதையை வணங்க ஒரு ஞாயிறு காலை போயிருந்தேன். பக்கத்தில் நெற்றி நிறையத் திருநீறோடு ஓர் அம்மா நின்றார். போருக்குத் தப்பி வந்து இங்கே வீட்டு வேலைக்குப் போகும் வன்னிக்காரி. எந்தக் குளிரிலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவாராம்.

வழிகாட்டி ஒருவர் பயணிகளுக்கு இத்தாலிய மொழியில் விளக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்லுறான், தம்பி?”

“முந்தி இஞ்சை வேறொரு பெண் தெய்வத்தைக் கும்பிட்டவையாம். கிறிஸ்தவம் வந்த பிறகு சனம் அவளை மறந்திட்டுதாம்.”

“அவளின்ரை பேர் என்னவாம்?”

கேட்டேன். நிச்சயமாகத் தெரியாது என்று வழிகாட்டி கையை விரித்தார்.

அம்மாவின் முகம் சிவந்தது. “மறந்தவையோ, மறக்கப் பண்ணினவையோ? என்ரை மகள் போன மாதம் ஒரு செபக்கூட்டத்திலை சேர்ந்தவள். அவையள் சொல்லிச்சினம் எண்டு நான் கும்பிடுற அம்மாள் படத்தைக் குப்பையிலை போட்டிட்டாள். செல்லடிக்குள்ளாலை நெஞ்சோடை கொண்டுவந்த படம்! பேரப்பிள்ளையளுக்கு நாளைக்கு அம்மாளின்ரை பேர் தெரியுமே?”

குகை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. காவலாளி வாயில் விரல் வைத்து எச்சரித்தார். அம்மா அவரை முறைத்துவிட்டு, புனிதையின் முன் ஒரு மெழுகுதிரி ஏற்றினார். இன்னொன்றை ஏற்றி வெறும் பாறையடியில் வைத்தார்.

எனக்கும் கோபம் ஏறியிருந்தது. “பிறகேன் இவவுக்கும் கொளுத்திறியள்?”

“இவ என்ன செய்தவ? எறிஞ்சது ஆக்களெல்லே!”

கோபம் தணியாமலே வெளியேறினார். பிறகு அவரை நான் காணவில்லை. அத்தனை கோபத்திலும் யாரைக் கோபிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது இன்னும் கைவரவில்லை.