இசைத்தட்டுக்கு வைத்த பொட்டு

ஆயுதபூஜை அன்று எங்கள் வீட்டில் பொட்டு வாங்காத பொருள் கிடையாது. மிக்சி, ஃபிரிட்ஜ், இன்வர்ட்டர், என் கணவரின் பைக் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம். ஓசூரில் பற்சக்கரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடமாகத் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். அங்கே பொட்டு வைப்பதற்கு ஒரு முறை உண்டு. மெஷினின் மூடிக்கு வைக்க மாட்டோம். வேலை செய்கிற பாகத்துக்குத்தான் வைப்போம். அந்தப் பழக்கம் போன வருடம் என்னை மாட்டிவிட்டது.

அப்போது என் மகள் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. பெங்களூரில் நல்ல கம்பெனி, கல்லூரியிலேயே ஆள் எடுத்துப் போன வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு நடுவில், "நான் ராஜினாமா பண்ணிட்டேன்ம்மா, மியூசிக் பண்ணப் போறேன்" என்றாள். எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்காம். பாடுகிறவர் யாரும் இல்லை. கம்ப்யூட்டரில் செய்த தாளம்தான், கேட்டால் ஆட வேண்டும். கல்லில் இருந்த தோசையைக் கருகவிட்டேன்.

எட்டு மாதத்தில் ஓர் ஆல்பம் முடித்தாள். வெளியிட முன்வந்த பெங்களூர்க்காரர்கள் அதைக் கறுப்பு இசைத்தட்டாகப் போடுவதாகச் சொன்னார்கள்.

"இந்தக் காலத்துல தட்டா? யாரு வாங்குவாங்க?"

"வாங்கறவங்க இருக்காங்கம்மா. நீ வருசா வருசம் பித்தளப் பாத்திரம் வாங்கறல்ல, அந்த மாதிரி."

அச்சிடும் இடத்திலிருந்து முதலில் ஒரே ஒரு மாதிரித் தட்டு வரும். அதைக் கேட்டுச் சரி என்று சொன்னால்தான் மீதியை அடிப்பார்கள். குறை இருந்தால் அச்சையே புதிதாகச் செய்ய வேண்டும். வரிசையில் பின்னால் போய்விடுவோம், ஆல்பம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். இது எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் தொழிற்சாலையிலும் முதல் பீஸ் பாஸாகாமல் இரண்டாவது பீஸ் ஓடாது. அவள் வேலையில் எனக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான்.

மாதிரித் தட்டு பூஜைக்கு முந்தின நாள் கூரியரில் வந்தது. மகள் பெங்களூரில் தோழி வீட்டில் இருந்தாள். "அப்பிடியே எடுத்து வெய்யிம்மா, வெயில்ல மட்டும் வெச்சிராத" என்று போனில் சொன்னாள். நான் வெயிலில் வைக்கவில்லை, பூஜையில் வைத்தேன்.

"அட்டைக்கு வெச்சா போதாதா?" என்று கணவர் கேட்டார்.

"அட்டையா பாடப் போவுது?" என்றேன்.

பளபளத்த கறுப்பில், வரிவரியாக ஓடிய இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனமும் குங்குமமும். பார்க்க லட்சணமாக இருந்தது. இவள் பிழைப்பு இதை நம்பித்தான் இருக்கிறது, பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன். மறுநாள் காலை ஈரத்துணியால் துடைத்து உறைக்குள் போட்டேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பதினோரு மணிக்கு மகள் வந்தாள். அன்று மாலைக்குள் பதில் அனுப்ப வேண்டும். செகண்ட்ஹேண்டில் வாங்கிய பிளேயரில் தட்டை வைத்து ஊசியை இறக்கினாள். முதல் பாட்டு சுத்தமாக ஓடியது. இரண்டாவதில் ஆரம்பித்தது: டப்... டப்... டப்.

"அச்சே போச்சும்மா. மறுபடியும் மொதல்லேர்ந்து" என்றபடி லேப்டாப்பைத் திறந்தாள்.

என் கை தானாகக் கடிகாரத்தைத் திருப்பியது. பத்து வினாடிக்கு ஐந்தோ ஆறோ சத்தம். "இது நிமிஷத்துக்கு எத்தன சுத்து சுத்தும்?"

"முப்பத்தி மூணு. ஏன்?"

சுற்றுக்கு ஒரு சத்தம். பற்சக்கரத்தில் ஒரு பல்லில் பிசிறு இருந்தாலும் இப்படித்தான் கேட்கும். குறை ஒரே இடத்தில் இருக்கிறது. எந்த இடம் என்று இந்த உலகத்தில் எனக்கும் என் கணவருக்கும் மட்டும் தெரியும்.

அவள் டைப் செய்துகொண்டிருந்தாள். அச்சில் குறை என்று எழுதி இரண்டு வரி ஆகும்வரை நான் வாய் திறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எத்தனையோ பேர் செய்த பொருளுக்கு, ரிஜெக்ட் என்று சிவப்பு அட்டை கட்டியிருக்கிறேன். எனக்கே கட்டிக்கொள்ள வேண்டி வந்ததில்லை.

"அனுப்பாத. பொட்டு வெச்சேன்."

"எதுக்கு?"

"தட்டுக்கு."

"நான் அட்டைக்குத்தான் சொன்னேன்" என்றார் கணவர், யாரும் கேட்காமலே.

மகள் ஊசியைத் தூக்கிப் பார்த்தாள். நுனியில் சிவப்பாக ஒரு துணுக்கு. "ஊசிக்கும் வெச்சிட்டியேம்மா!" என்று சிரிக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அவள் சிரித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இன்வர்ட்டருக்கு ஊற்ற வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டர், அவள் கன்னத்துக்குப் பூச வாங்கிப் பிரிக்காத பிரஷ், தட்டின் நடுவில் ஒட்டிய காகிதம் நனையாமல் மூட ஒரு டப்பா மூடி. வரியோடு வரியாகத் தேய்த்தோம். தண்ணீர் லேசாக மஞ்சளித்தது. பாத்திரக் கூடையில் நிறுத்திவைத்துக் காயும்வரை யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுபடி ஊசி இறங்கியது. இரண்டாவது பாட்டு. டப் இல்லை. மூன்றாவதில் திடீரென்று, டங்... டங்... டங்.

"இன்னும் இருக்குது!" என்று கத்தினேன்.

"அது எதுத்த ஷெட்டு பவர் பிரஸ்ஸும்மா. நம்ம மொட்டமாடியில ரெக்கார்ட் பண்ணது. பாட்டே அதான்."

ஓசூரில் இந்த மூக்கண்டப்பள்ளிப் பக்கம் குடிவந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் ஜன்னலைச் சாத்தி வைக்கிறேன். தகடு அடிக்கும் அதே சத்தம். ஆனால் அடியில் ஏதோ ஒன்று உருண்டு வந்து அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"சரி, இன்ஸ்பெக்டர் மேடம். பாஸா, ரிஜெக்டா?"

"அடுத்த பக்கத்தப் போடு. ஒரு பக்கம் மட்டும் பாத்துட்டு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அடுத்த பக்கத்தையும் முழுக்க நின்றுகொண்டே கேட்டேன். நடுவில் கணவர், "கால் ஆடுதே" என்றார். மெஷின் அருகில் நிற்கிற பழக்கம் என்று சொல்லிவைத்தேன். கடைசியில் "பாஸ்" என்றதும் மகள் பழைய இரண்டு வரியை அழித்துவிட்டுப் புதிதாக ஒரே வரி அடித்து அனுப்பினாள்.

"கழுவினதுக்கு அப்புறம் பாஸ்னு எழுதினியா?" என்று கேட்டேன். அதை அவள் எழுதவில்லை. எங்கள் தொழிற்சாலையில் சரிசெய்து பாஸான பீஸை அப்படி எழுதாமல் விட மாட்டோம். தட்டெல்லாம் அடித்து வந்து, விற்றும்விட்டது. எனக்கு இன்றைக்கும் அது ஒன்றுதான் உறுத்தல்.