இங்கேலா உரித்த கறுப்பு

பத்தொன்பது ஆண்டுகளாக இங்கேலா பிறர் காரில் கிடக்கும் அசிங்கத்தை அள்ளிக்கொண்டிருக்கிறாள். உதட்டுக்குள் அடக்கி ஊறவைத்துத் துப்பிய புகையிலைப் பொட்டலங்கள் கதவுப் பையில் காய்ந்து ஒட்டியிருக்கும். கோடையில் சிந்திய பால் இருக்கைக்கு அடியில் நாறும். வேட்டைக்குப் போய்வந்த வண்டியில் எல்க் மானின் ரத்தம் உறைந்து கிடக்கும். எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் கழுவிவிடுவாள். அவளுக்குக் குமட்டுவது ஒன்றே ஒன்றுதான்: கறுப்பு ஃபிலிம் ஒட்டி இருட்டாக்கிய டெயில் லைட்.

பாலைச் சிந்தியவன் வேண்டுமென்றா சிந்தினான்? இதை மட்டும் தேடி வாங்கி, உட்கார்ந்து, ரசித்து ஒட்டுகிறார்கள். ஸ்மோலாந்துக் காடுகளுக்கு நடுவே இருக்கும் அந்தச் சிற்றூரில் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆண்டு முழுக்கக் கறுப்பு விளக்கோடு சுற்றுவார்கள். வாகனச் சோதனைக்குப் போகும் அன்று காலை இங்கேலாவின் கார் கழுவும் கொட்டகைக்கு வந்து உரித்துக்கொள்வார்கள். தேறியதும் மறுபடி ஒட்டிக்கொள்வார்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், நவம்பர் மூடுபனியில், ஏரிச் சாலையில் அப்படிப்பட்ட ஒரு வண்டியின் பின்னால் அவள் மோதினாள். அது பிரேக் போட்டதே அவளுக்குத் தெரியவில்லை. காறை எலும்பு முறிந்தது. இன்றும் இடது கை தோளுக்கு மேல் எழாது. அன்று முன் காரிலிருந்து இறங்கியவன் முதலில் தன் பம்பரைத்தான் குனிந்து பார்த்தான். அதை அவள் மறக்கவேயில்லை.

இந்த நவம்பரில், ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கென்த் வந்தான். மர ஆலையில் வேலை பார்ப்பவன். அவளைப் போலவே ஐம்பதைத் தாண்டியவன், மூக்குக் கண்ணாடி போட்டவன். பழைய வால்வோ வண்டி. வலது விளக்கில் ஃபிலிம் கறுப்பாக அப்படியே இருந்தது. இடது விளக்கைப் பார்த்ததும் இங்கேலாவுக்கு வாய் கசந்தது.

"என்னய்யா இது? விளக்கா, மீன் வறுத்த சட்டியா?"

"நானே எடுத்துடலாம்னு பார்த்தேன். கத்தியால சுரண்டினேன். பசை போகல. பிரேக் கிளீனர் அடிச்சேன்."

"பிளாஸ்டிக் மேலயா?"

"இரும்புல ஒட்டின கிரீஸே போகுதே, இந்தப் பசை போகாதான்னு..."

"போச்சா?"

"இன்னும் பிசுபிசுன்னுதான் இருக்கு."

"ஆமா. பசை இருக்கு, விளக்குதான் போச்சு."

"கோவிச்சுக்காத இங்கேலா. ரெண்டு மணிக்குச் சோதனை. இன்னைக்குத்தான் கடைசி நாள். தேறலைன்னா நாளைக்கு வண்டியை ரோட்டுல எடுக்க முடியாது. ஆலைக்கு நாப்பது கிலோமீட்டர். காலைல அஞ்சரைக்கு எந்த பஸ்ஸு வருது? லேட்டா வந்தேன்னு ஏற்கெனவே ரெண்டு தடவை எச்சரிச்சுட்டாங்க. மூணாவது தடவைன்னா வேலையே போயிடும்."

அந்த மாடலுக்கு வேறு விளக்கு வரவழைக்க ஒரு வாரம் ஆகும். இங்கேலா கையுறையை மாட்டிக்கொண்டாள்.

வலது பக்கம் எளிதாக வந்தது. வெப்பக் காற்று ஊதும் கருவியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓர் இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள். சூடு விரலுக்குப் பொறுக்க முடியாததாக ஆவதற்குள் கருவியை விலக்கினாள். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, விளக்கை ஒட்டினாற்போல் மடக்கி மெல்ல இழுத்தாள். ஃபிலிம் முழுசாக வந்தது. அடியில் ஆறிய பாகுபோல் பசை நூல் நூலாக நீண்டது. ஆரஞ்சுத் தோல் எண்ணெய் தோய்த்த துணியை அதன்மேல் சற்று நேரம் போட்டுவைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் துடைத்தாள். சிவப்பு பளிச்சென்று தெரிந்தது.

இடது பக்கம் வெப்பம் காட்ட முடியாது. பிரேக் கிளீனர் தின்ற இடமெல்லாம் மயிரிழை விரிசல்கள். சூடு பட்டால் அவை வாய் பிளக்கும். எண்ணெயையும் கட்டைவிரலையும் வைத்தே பசையை உருட்டி உருட்டி எடுத்தாள். பிறகு மிக மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

பதற்றத்தில் கென்த் வாயிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்து, பழக்கதோஷத்தில், அவளுடைய வாளிக்குள் சுண்டிவிட்டான்.

"யோவ்! உனக்கு அறிவிருக்கா? அதுல ஒரு துகள் தாள்ல ஒட்டினாலும் விளக்கு முழுக்கக் கீறிடும்!"

"தெரியாமப் போட்டுட்டேன்..."

"போய் வாளியைக் கழுவி வேற தண்ணி பிடி. கையையும் கழுவு. பன்னி."

ஒரு மணி ஆயிற்று. கீழ் மூலையில் ஒரு விரிசலில் மட்டும் நகம் சிக்கியது. அது ஓட்டையாகிவிட்டால் வெள்ளை வெளிச்சம் கசியும், சோதனையில் தள்ளிவிடுவார்கள். இங்கேலா தாளைக் கீழே வைத்தாள். துளி பாலிஷ் மட்டும் தடவித் துடைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் தேயேன். மங்கலா இருக்கே."

"தேய்க்கிறேன். பளபளன்னு ஓட்டையாயிடும். அங்க அவங்க அழகையா பார்க்கப் போறாங்க? வெளிச்சம் சிவப்பா வருதா, உடையாம இருக்கான்னு பார்ப்பாங்க. கிளம்பு."

மூன்றரைக்கு, இருட்டத் தொடங்கும்போது, கென்த் பல்லெல்லாம் தெரிய வந்தான். தேறிவிட்டது. ஒரு கையில் பட்டை மணக்கும் பன் பொட்டலம். இன்னொரு கையில் பிரிக்காத கறுப்பு ஃபிலிம் சுருள்.

"நான் ஒட்டினா குமிழி விழுது. நீ ஒட்டினா அழகா இருக்கும். மூடுபனிக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிடுவேன்."

இங்கேலா சுருளை வாங்கிப் பிரித்தாள். கத்தரிக்கோலால் இரண்டு வட்டம் வெட்டினாள். அவன் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, ஒரு குமிழிகூட இல்லாமல் அழுத்தி ஒட்டி, மறுபடி அவன் மூக்கில் மாட்டிவிட்டாள்.

"அழகா இருக்கு. ஏரிச் சாலை வழியாப் போ."

"ஒண்ணும் தெரியலையே, இங்கேலா!"

"எனக்கும் அன்னைக்குத் தெரியல."

அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி நகத்தால் பிய்த்தான். பசை கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அவன் கண் அலமாரியிலிருந்த பிரேக் கிளீனர் டப்பாவுக்குப் போனது.

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன். அதுவும் பிளாஸ்டிக்தான். சோப்புத் தண்ணி அங்க இருக்கு. மெதுவாத் தேய்."

கால் மணி நேரம் குழாயடியில் நின்று தேய்த்தான். போகும்போது பன் பொட்டலத்தை மேசைமேல் விட்டுப் போனான். சுருளை மட்டும் மறக்காமல் அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

இங்கேலா வாசலுக்கு வந்து பார்த்தாள். வளைவில் அவன் பிரேக் போட்டபோது இரண்டு விளக்கும் சிவப்பாக எரிந்தன. இன்றைக்கு மட்டும். அவள் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். பன்னைத் தொடவில்லை.